கறை

ஜெஸ்தபோனியில் அக்டோபர் வந்தால்
திருடியது எந்தப் பையன் என்று யாரும் விசாரிப்பதில்லை.
வால்நட்டின் பச்சைத் தோல் காட்டிக்கொடுத்துவிடும்:
விரலில் ஏறிய கருப்பு
சோப்புக்கும் அசையாது, மண்ணெண்ணெய்க்கும் அசையாது.

மக்வாலாவின் மரத்தில் ஏறியவர்கள் இருவர்.
உச்சாவின் அப்பா பெல்ட்டை உருவினார்.
சுவருக்கு இந்தப் பக்கம் நான் எண்ணினேன். ஒன்பது.
மறுவாரம் உச்சா
கையுறை மாட்டிக்கொண்டு ஏறினான்.

நான் அடிக்கிறவள் இல்லை.
போலந்தில் லாரி ஓட்டும் இவன் அப்பா
"நீயே பார்த்துக்கொள்" என்று போனை வைத்துவிட்டார்.
தோர்னிகேயை எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன்:
நம் மரத்தில் யாராவது பறித்தால்?
"நமக்குத்தான் மரமே இல்லையே."
சரி, மக்வாலா இனி எதை விற்று விறகு வாங்குவாள்?
அவளுக்கு எப்படி இருக்கும்?
உனக்கு எப்படி இருக்கிறது?
பீன்ஸ் சூப் ஆறி ஆடை கட்டியது.
இன்னும் கேட்டேன்.

"அடித்துவிடேன் அம்மா" என்றான்.
"உச்சாவுக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது."

அன்றிரவு புரண்டுகொண்டே கிடந்தேன்.
என் கேள்விகளிலும் எங்கோ ஒரு பக்கிள்.

சனிக்கிழமைச் சந்தை.
மக்வாலாவுக்குக் கண் மங்கல்;
மீதி பத்துக்குப் பதில் இருபதை நீட்டினாள்.
காற்று பலமாக அடித்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
விறகு விலை எங்களுக்கும் ஏறித்தான் இருந்தது.
தாளை மடித்தேன்.

தோர்னிகே எதுவும் கேட்கவில்லை.
பஸ் வரும்வரை
தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
பிறகு என் கைகளை.
அவை சுத்தமாக இருந்தன.