முப்பத்தைந்து நிமிடம்

நாலு ஐந்துக்குப் பூபாலன் வீட்டுக்குப் பேசியிருக்கிறான்:
'ஜஸ்ட் நவ் வருகிறேன்.'
நாலு நாற்பதுக்குப் பெயின்ட் ஆலையில்
மூன்றாம் கலவைத் தொட்டியின் ஏணி முறிந்தது.

இரண்டுக்கும் நடுவே லண்டனிலிருந்து ஒரு கடிதம்.
ஜஸ்ட் நவ் என்றால் இந்தக் கணம்;
ஆகவே நாலு ஐந்துக்கே அவர் வேலையை விட்டுவிட்டார்;
ஏணியில் இருந்தது அவரது சொந்தப் பொறுப்பில்.
இலக்கணம் சுத்தம். ஒரு காற்புள்ளி பிசகவில்லை.
காப்பீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது,
அந்தச் சொல் பிறந்த ஊர்க்காரர் அவர்.
கப்பலேறி இங்கே வந்து
டர்பன் வெயிலில் அது நீண்டுவிட்டதை
யார் அவருக்குச் சொல்வது?

நீலாவதி என் மேசைக்கு எதிரே.
ஜேக்கப்ஸ் சாலை லாரிகள் ஜன்னலை உலுக்குகின்றன.
மடியில் கைப்பை, அதன் மேல் கை, கையின் மேல் கை.
பிரமாணப் பத்திரம் எழுதித் தருவது என் பிழைப்பு,
பக்கத்துக்கு நாற்பது ராண்ட்.
அவளிடம் வாங்கப்போவதில்லை. அதை இன்னும் சொல்லவில்லை.

'இவ்வூரில் ஜஸ்ட் நவ் என்பது இப்போது அல்ல'
என்று எழுதினேன். பொய் மாதிரி இருந்தது. அடித்தேன்.
'பிறகு' என்று எழுதினேன்.
பிறகு என்பதில் வருவேன் என்ற உறுதி கிடையாது.
நவ் நவ் என்றால் செருப்பு மாட்டியாயிற்று.
ஜஸ்ட் நவ் என்றால்
செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியும்.
இதற்குக் கீழே எப்படி முத்திரை குத்துவது?

தமிழிலும் நமக்கு இந்த நோய் உண்டு.
போர்வைக்குள் கிடந்தபடி
'இதோ வந்துட்டேன்' என்போம்,
இறந்தகாலத்தில்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், என்று கேட்டேன்.
'காத்திருக்கவே இல்லையே' என்றாள்.
'ஜஸ்ட் நவ்னுதானே சொன்னார்.
அரிசிகூடக் களையவில்லை.
ஊற வைத்த துணியைத் துவைக்கப் போய்விட்டேன்.'

ஆறாம் பத்தியில் அப்படியே எழுதினேன்:
அரிசி களையப்படவில்லை.

வெளியே இருட்டிவிட்டது.
காவலாள் ம்லுங்கிசி சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார்.
'ஜஸ்ட் நவ்' என்றேன், தலை தூக்காமல்.
அவர் பதில் பேசவில்லை.
கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
பூட்ஸைக் கழற்றினார்.