முப்பத்தொன்பது டிகிரி

கரும்பலகையில் தினமும் மூன்று எண்கள் எழுதுவது என் வேலை.
நீச்சல் குளம், இருபத்தொன்பது.
வெந்நீர்த் தொட்டி, முப்பத்தொன்பது.
மூன்றாவது வெளிக்காற்று.
அதை எழுதிவிட்டுக் கை தட்டுவதற்குள்
பொய்யாகிவிடும்.

நாளை விடிந்தால் கோடை
என்கிறது ஐஸ்லாந்து நாள்காட்டி.
அதற்குக் கண் கிடையாது.
காலையில் வெயில்.
பத்து மணிக்குப் பனி.
பதினொன்றுக்கு அந்தப் பனியின் மேலேயே வெயில்.
உச்சிப்பொழுதில்
கல்லுப்பை வாரி இறைத்தாற்போல் ஆலங்கட்டி.
ஃபியோர்டின் வாயில் இன்னும் ஏதோ ஒன்று
தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தது.
டிக்கெட் வாங்க வந்த எல்லோரும்
"இன்றைக்குப் பரவாயில்லை" என்றார்கள்.

மாலை ஐந்தரைக்குத் தொட்டிக்கு வருபவர்கள் மூன்று பேர்.
இழுவைப்படகு ஓட்டிய ஸ்துர்லா ஒரு மூலை.
அவருடைய எதிர்வீட்டு ஹியால்தி மறு மூலை.
நடுவில் தபால் நிலையத்து ஸ்வான்போர்க்.

ஒன்பது வருடமாக அந்த இருவரும்
முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
ஏதோ டிரெய்லர் விவகாரம் என்பார்கள்.
டிரெய்லர் துருப்பிடித்து, மூன்றாவது ஆளுக்கு விற்று,
அந்த ஆளும் ஊரைவிட்டுப் போயாயிற்று.
அதற்காக
வானிலையை விட்டுவிட முடியுமா?

"காற்று திரும்புகிறது," என்பார் ஹியால்தி, ஸ்வான்போர்கிடம்.
"திரும்பாது என்று சொல்," என்பார் ஸ்துர்லா,
அவரும் ஸ்வான்போர்கிடம்.
"மே பத்துவரை உருளைக்கிழங்கு நட வேண்டாமாம், கேட்டுக்கொள்ளச் சொல்."
"போன வருடம் யார் கிழங்கு அழுகியது என்று கேள்."
ஸ்வான்போர்க் அஞ்சல்தலை இல்லாமல்
இந்தக் கரைக் கடிதத்தை அந்தக் கரையில் சேர்ப்பாள்.
நடுவில் இரண்டு கை தூரம்,
கொஞ்சம் நீராவி.

இன்று அவள் வரவில்லை.
அகுரேரி மருத்துவமனையில், முழங்கால் அறுவைச் சிகிச்சை.
எனக்குத் தெரியும்.
நான் சொல்லவில்லை.

இருவரும் அவரவர் மூலையில் உட்கார்ந்தார்கள்.
நடுவில் குமிழிகள் மட்டும்.
கண்ணாடி அறைக்குள் நான், கழுத்தில் ஊதல்.
மூழ்குகிறவரை எப்படித் தூக்குவது என்று
மூன்று நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.
இதற்குக் கொடுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மேகம் மலையை விட்டு இறங்கியது.
முதல் ஆலங்கட்டி ஸ்துர்லாவின் வழுக்கையில் விழுந்தது.
ஓசை எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்வேன்.
இருவரும் தாடைவரை அமிழ்ந்தார்கள்,
இரண்டு கடல்நாய்கள்.

ஸ்துர்லா நடுவிலிருந்த காலி இடத்திடம் சொன்னார்:
"கோடை வந்துவிட்டது."

காலி இடம் பதில் சொல்லவில்லை.
ஆலங்கட்டி பனியானது. பனி தூறலானது.

"ம்," என்றார் ஹியால்தி.
"மூட்டை முடிச்சுதான் வந்திருக்கிறது. ஆள் பின்னால்."

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
நான் வெப்பமானியைத் துடைப்பதுபோல்
ஜன்னலைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைத்தேன்.

"ராத்திரி தட்டு வைக்கிறாயா?"
இந்த இரவில் வாசலில் வைத்த நீர் உறைந்தால்,
உறைந்த கனத்துக்கு அந்த வருடம் பாலாடை திரளும் என்பது பேச்சு.
இருவர் வீட்டிலும் மாடு இல்லை.

"வைப்பேன். பூனை வந்து குடித்துவிடுகிறது."
"எந்தப் பூனை?"
"உன் பூனைதான்."

ஸ்துர்லா எழுந்தார்.
சிவந்த உடம்பிலிருந்து ஆவி பறந்தது.
கோபமா, முப்பத்தொன்பது டிகிரியா, தெரியவில்லை.
துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

கோடையின் முதல் நாள் காலை ஏழு மணி.
வேலைக்குப் போகும் வழியில்
ஹியால்தி வீட்டு வாசலில் நீலத் தட்டு ஒன்றைக் கண்டேன்.
அதன் மேல்
பழைய இழுவைவலைத் துண்டு ஒன்று,
நான்கு ஓரத்திலும் கல் வைத்து.

உறைந்திருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன்.
அதற்குள் மழை.