பெட்டி மட்டும்

வெற்றி இல்லை அதில், தோல்வியும் இல்லை,
மூலையில் ஓடும் மதிப்பெண் இல்லை.
குச்சியால் திரையில் கோடு இழுக்க வேண்டும்;
மேலிருந்து சொட்டு விழும்,
கோட்டின் நீளத்துக்கு ஏற்ப ஒரு சுரம்.
ஊதினால் சொட்டு சாயும்.
அவ்வளவுதான்.
வாங்கியவர்கள் மறுநாளே
கடையில் திருப்பிக் கொடுத்தார்கள்,
அதனால்தான் இன்று கிடைப்பதில்லை.

விலை எனக்கு மனப்பாடம்.
சில்லு மட்டும் என்றால் தொள்ளாயிரம் ராண்ட்.
பெட்டி, கையேடு, உள்ளே மடித்த விளம்பரத் தாள்
எல்லாம் சேர்ந்தால் நாலாயிரம்.
பெட்டியின் முதுகு வெளுத்திருந்தால் ஐந்நூறு குறை;
டர்பன் வெயில் எதன் முதுகையும் விட்டுவைப்பதில்லை.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
கேட்டருகே நனைந்த நாய்.
கைலாசம் மூன்சாமி பெட்டியை மேசையில் வைத்தார்.
முதுகு வெளுக்கவில்லை. கையேட்டில் விரல் படவில்லை.
நகத்தால் நெம்பித் திறந்தேன்.
சில்லு இருக்க வேண்டிய குழியில்
சில்லளவு இருட்டு.

"அது மெஷினுக்குள்ள இருக்கு."
"எடுங்க, பார்க்கணும். போலி நிறைய வருது."
"எடுக்க முடியாது."

ஃப்ரிட்ஜின் மேல், வயரோடு,
மடித்து மூடிய கருவி. பச்சை விளக்கு.
மூடினால் தூங்கும், அணைத்தால் மறக்கும்.
செய்தவர்கள் சேமிக்க இடம் வைக்கவில்லை,
வேண்டுமென்றே.

திறந்து காட்டினார். ஒரு கோடு இழுத்தார்.
சொட்டு விழுந்தது நான்கு நொடிக் குரலாக:
"டாடி, இப்ப ஓடுதா? டாடி..."
கோடு குறுகினால் அந்தக் குரல் எலி,
நீண்டால் எருமை.
நடுவில் ஒரே ஒரு நீளம் இருக்கிறது.
திரையின் விளிம்பில் பேனாவால்
இரண்டு புள்ளி வைத்திருக்கிறார்.
அந்த நீளத்தில் மட்டும்
எட்டு வயதுப் பையன்.

நினைப்பதுபோல் ஒன்றும் இல்லை.
பையன் அடுத்த அறையில் கிரிக்கெட் பார்க்கிறான்.
பத்தொன்பது வயது, தாடி, தொண்டையில் சரளை.
"வித்துருங்க டாடி, வெட்கமா இருக்கு"
சுவர் தாண்டி வந்தது.

பதினோரு வருடம் அணைக்கவில்லையாம்.
மின்வெட்டு நான்காம் கட்டம், ஆறாம் கட்டம்,
வெள்ளம் வந்த ஏப்ரலில் மூன்று இரவு
காருக்குள் உட்கார்ந்து
சிகரெட் துளையிலிருந்து ஊட்டியிருக்கிறார்.

"போனில் பதிவு செஞ்சுக்கலாமே?"
"செஞ்சிருக்கேன். மூணு போன்ல."
பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை.
என் அலமாரியின் நூற்று நாற்பது விளையாட்டுகளையும்
ஓசியில் இறக்கிக்கொள்ளலாம்,
யார் வேண்டுமானாலும், ஒரே மாலையில்.

பெட்டி மட்டும் வாங்கினேன். ஆயிரத்து நூறு.
என்னிடம் சில்லில்லாத பெட்டி,
அவரிடம் பெட்டியில்லாத சில்லு.
சேகரிப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

ஒன்றை மறைக்க வேண்டாம்.
அன்றிரவு மோபெனி ஹைட்ஸில் கரன்ட் போனபோது
மெழுகுவத்திக்கு முன்னால்
அந்த பாட்டரிதான் ஞாபகம் வந்தது.
ஒரே ஒரு தடவை அணையட்டும்.
அவரே கூப்பிடுவார், விலை பேசலாம்,
குழி நிரம்பும்.
இருட்டில் கையேட்டைத் தடவிக்கொண்டு
இதைத்தான் நினைத்தேன், நன்றாகவே நினைத்தேன்.

ஒன்பதரைக்குக் கூப்பிட்டது மகன்.
"அக்கா, சார்ஜர் வயர் உள்ளுக்குள்ள அறுந்துடுச்சு.
விளக்கு சிவப்பாயிடுச்சு. டாடி பேசமாட்டேங்கறாரு.
பத்து மணிக்கு எங்க பக்கமும் கரன்ட் போயிடும்.
உங்ககிட்ட இந்த மாடல்ல..."

சரளைக் குரல், கடைசிச் சொல்லில் மட்டும்
கோடு கொஞ்சம் குறுகியது.

மூன்று இருக்கிறது என்னிடம்.
ஒன்று உறை பிரிக்காதது, அறுநூறு பெறும்.
இருட்டில் கைக்கு அதுதான் அகப்பட்டது.
விளக்கெரியாத ஹிகின்சன் நெடுஞ்சாலையில்
ஒரு கையால் ஓட்டிக்கொண்டு
பல்லால் உறையைக் கிழித்தேன்.