விரல் படக்கூடாது

பாடாங் செராயில் செம்பனை முடிந்து
தொழிற்பேட்டை தொடங்கும் இடத்தில் எங்கள் பட்டறை.
லோரி போனால் வெட்டிய குலைகளின் வாடை,
கதவைச் சாத்தினால் மண்ணெண்ணெயும் வைரப் பசையும்.

மோட்டார்சைக்கிள் விளக்குக்கு அச்சு.
எஃகு என் மேசைக்கு வரும்போது சாம்பல் நிறம்,
இயந்திரம் உழுத வரப்புகள் மேலே.
முதலில் கல். பிறகு முந்நூற்றிருபது தாள்.
நானூற்றுக்குப் போகையில் கை திரும்ப வேண்டும்,
போன தாள் வடக்கே போயிருந்தால்
இந்தத் தாள் கிழக்கே.
குறுக்கே தேய்த்தால்தான்
பழைய கீறல் எது, என் கீறல் எது என்று தெரியும்.
ஒன்றை விட்டுவைத்து மேலே போனாலும்
ஆயிரத்து இருநூறில் அது பல்லைக் காட்டும்.

மினுக்கம் என்று தனியாய் ஒன்றும் இல்லை.
கண்ணுக்கு எட்டாத கீறல்கள், அவ்வளவுதான்.
வாடிக்கையாளர் காதில் விழாமல் சொல்
என்பார் மிஸ்டர் ஊய்.

நிறுத்தவும் தெரிய வேண்டும்.
ஆசைக்கு நாலு சுற்று கூடப் போனால்
எஃகு ஆரஞ்சுத் தோலாய்ப் பொரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு.
வங்கியில் ஐசியைச் செருகி
பெருவிரலை வையுங்கள் என்றார் புவான் ரொஸ்னா.
வைத்தேன். சிவப்பு.
"சூபா லாகி."
சிவப்பு.
துடைத்து, ஊதி, தலைமுடியில் தடவி,
இடது கையை வைத்து:
சிவப்பு.
பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்.
"என்ன வேலை செய்கிறீர்கள்?"
தேய்க்கிறேன் என்றேன்.
துணியா பாத்திரமா என்று கேட்க வந்து
விட்டுவிட்டார்.

பாரம் தேடி அவர் உள்ளே போன நேரத்தில்
வரிசை பிரிக்கும் எவர்சில்வர் கம்பத்தைப் பார்த்தேன்.
நூற்றெண்பது தாளோடு நிறுத்திவிட்டு
மேலாக்கில் பஃப் காட்டியிருக்கிறார்கள்.
பற்றவைத்த ஓரத்தில் எரிந்த நீலம் அப்படியே.
இதற்கு யாரும் சிவப்பு விளக்குப் போடவில்லை.

ஜெகதீஸ்வரி,
ஜெகதீஸ்வரி,
ஜெகதீஸ்வரி என்று மூன்று இடத்தில் கையெழுத்து.

புதன் காலை மிஸ்டர் ஊய்
அச்சைத் தூக்கி விளக்கடியில் சாய்த்தார்.
"யார் விரல் இது?"

வெள்ளிக்கிழமை போக வேண்டிய அச்சு.
குழியின் ஓரத்தில் பழுப்பாய் ஒரு தடம்.
உறை போடாமல் யாரோ தொட,
வியர்வையின் உப்பு
இரவெல்லாம் எஃகைத் தின்றிருக்கிறது.
திலக் பஹதூர் தன் கையை நீட்டிக் காட்டினான்.
ஆ லான் தன் கையை.
பத்து மடங்குக் கண்ணாடியை வைத்து நான் குனிந்தேன்.

தேய்ந்த வட்டம். பாதியில் அறுந்த கோடு.
நடுவே, எதுவும் எழுதாத வழவழப்பு.
இந்தப் பட்டறையில் அப்படிப்பட்ட விரல்
ஒருத்திக்குத்தான்.

"என்னுடையது" என்றேன்.
குரலில் கொஞ்சம் பெருமை கலந்துவிட்டது போல,
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதை அழிக்க
எண்ணூறிலிருந்து மறுபடி இறங்க வேண்டும்.
தாளை மடித்தாயிற்று,
மண்ணெண்ணெயில் நனைத்தாயிற்று.
விளக்கை மட்டும்
இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கிறேன்.