இவனில்லை

மேலுதட்டைத் தூக்கினால் தெரிகிறதாம்:
ஈறுக்குள் ஒரு நீலம்,
மை கசியும் பேனாவைச் சப்பியதுபோல்.
ஐந்து மாதம். பல் முளைக்கும் வயதில்லை.
ஆனாலும் ஒரு பல்
பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல்
கோணிக்கொண்டு வெளியே நிற்கிறதாம்.

எல்லாம் ந்யாம்தெல்கெர் சொல்லித்தான் தெரியும்.
அவள் அறுப்பவள். நான் பார்ப்பவன்.
மூன்று மாடி கீழே, உலான்பாத்தரின் கரிப்புகை
ஜன்னல் இடுக்கில் படியும் அறை என்னுடையது.
அங்கே வரும் நோயாளிகளுக்கு முகம் கிடையாது.
ஃபார்மலின் குப்பியில் மிளகளவு சதை,
ஒரு சீட்டு, சீட்டில் ஒரு பெயர்.

பெயர்: எனெபிஷ்.
எங்கள் மொழியில் அதற்கு 'இவனில்லை' என்று பொருள்.
ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில்
அடுத்த பிள்ளைக்கு இப்படி வைப்பதுண்டு.
தேடி வருவது எதுவானாலும்
வாசலில் நின்று கேட்குமாம், இவனா?
பெயரே பதில் சொல்லி அனுப்பிவிடும்.

இம்முறை வந்தது
பெயர் கேட்கவில்லை.

பல் முளைக்கிறது என்றாராம் சவ்கானில் ஒரு மருத்துவர்.
பிறகு சீழ்க்கட்டி என்று மருந்து கொடுத்தார்.
மூன்று வாரத்தில் மூக்கின் ஒரு பக்கம் மேலே ஏறிவிட்டது.
முலையைக் கவ்வ முடியாமல் பிள்ளை அழ,
பாலைப் பீய்ச்சிக் கரண்டியில் ஊட்டியபடி
பனியில் இரண்டு நாள் வண்டியில் வந்தாள்
துலாம்சுரென்.

இந்த வேகத்தில் வளர்வதைப் பார்த்தால்
யார் வாயிலும் அந்த ஒரு சொல்தான் வரும்.
நான் சொல்லவில்லை. சாயங்களைக் கேட்டேன்.
தசையில் எழும் புற்றா?
இவனில்லை.
நிணநீர்ப் புற்றா?
இவனில்லை.
வயிற்றிலிருந்து கிளம்பி வந்ததா?
ஸ்கேனில் வயிறு வெறுமையாய் இருந்தது.
ஒரு நாள் முழுதும் பையில் பிடித்த சிறுநீரில் மட்டும்
ஓர் அமிலம் சற்றுக் கூடுதல்.

பிறகு கண்ணாடிச் சில்லில் அதைக் கண்டேன்.
இருண்ட சின்னச் செல்கள் நடுவில் ஒண்டிக்கிடக்க
பெரியவை சுற்றி நின்றன,
புயலில் கன்றுகளை உள்ளே விட்டு
வளைத்து நிற்கும் யாக்குகள் மாதிரி.
ஒவ்வொன்றின் மடியிலும் பழுப்புக் கரி.
இருபத்தாறு வருடத்தில் எனக்கு இது இரண்டாவது.
தோலுக்கு நிறம் தர வேண்டியது
வழி தவறித் தாடையில் குடியேறியிருக்கிறது.

போனில் சொன்னேன்:
பெரும்பாலும் கொல்லாது. ஆனால் திரும்பி வரும்.
ஐந்து மில்லிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடு.
ந்யாம்தெல்கெர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஐந்து மில்லிமீட்டர்
நம் முகத்தில் ஒரு சவரக் காயம்.
அந்தத் தாடையில் அது நான்கு பல்லின் எதிர்காலம்.

எடுத்தாள்.
அண்ணத்துக்கு ஒரு தகடு, மூக்கு வழியே ஒரு குழாய்,
மாதம் ஒருமுறை வரச் சொல்லி ஒரு சீட்டு.
மூன்றாம் மாதம் தழும்பின் ஓரத்தில்
கடுகளவு கறுப்பு.
மறுபடி குப்பி. மறுபடி அந்தப் பெயர்.
மறுபடி யாக்குகள்.
அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை,
ஓரங்களை நான்கு முறை எண்ணினேன்.
சுத்தம். சுத்தம். சுத்தம்.
நான்காவதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதற்கப்புறம் பதினொரு மாதம்
எனக்குக் குப்பி வரவில்லை.

ஒரு சாயங்காலம் கீழ்த்தளத்து நடையில் ஒருத்தி
தீப்பெட்டியைத் திறந்து, விரலில் கரி தொட்டு,
மடியிலிருந்த பிள்ளையின் புருவ நடுவில் வைத்தாள்.
இருட்டில் பயணம் போகும் பிள்ளைக்கு வைப்பது.
பழக்கதோஷம், ஓரத்தைத்தான் பார்த்தேன்:
வட்டம் ஒழுங்கில்லை, இடப்புறம் கசிவு.
பிள்ளை சிரித்தது.
கீழே பல் வரிசை. மேலே
ஒரு நீண்ட காலியிடம்.

அறிக்கையில் நூறு தடவை எழுதிய இடம் அது.
'இவனா?' என்று
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு
பெயரைச் சொன்னாள்.