பன்றிக்குப் பாடுவது

இதைப் பாட்டு என்று சொன்னால்
கோயில் மைக் செட் வைத்திருக்கும் தியாகு சிரிப்பான்.
ராகம் கிடையாது.
இரவு பத்துக்கு மேல் கந்தப்பளைக் குளிரில்
பல்லு தந்தியடிக்கும்போது
தொண்டையில் மிச்சமிருப்பது எதுவோ, அது.

பகலில் மூன்றாம் நம்பர் மலையில் எனக்குப் பேர்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர்,
ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர்.
அதற்குப் பிறகுதான்
லயத்துக்குப் பின்னால் பன்னிரண்டு பாத்தி,
உருளைக்கிழங்கு எட்டு, லீக்ஸ் நாலு.
அங்கே நான் முழு ஆள்.

தகரம் தட்டிப் பார்த்தோம்.
மூன்றே நாளில் பன்றிக்குத் தாளம் பழகிவிட்டது.
வெடி வாங்கக் காசில்லை.
மனுசக் குரல்தான்
ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி இருக்கும்,
சளி பிடித்தால் இன்னும் நல்லது.
ஆகவே பாடுகிறேன்:

'வெதக்கெழங்கு அந்தர் வெல ஏறிப் போச்சு,
வேலாயுதம் கடையில கணக்கு ஏறிப் போச்சு,
ஏறாதது என் கூலி, எறங்காதது ஒன் பசி,
ஏ பன்னியே, தொர பங்களாவுக்குப் போ,
அங்க டேலியாக் கெழங்கு சும்மாதான் கெடக்கு.'

கானுக்கு அந்தப் பக்கம் சவரியம்மாவின் பாத்தி.
அவளோடு பேச்சை நிறுத்தி ஏழு மாதம்.
பீலியில் இருந்து வரும் ஹோஸ் பைப்பை
அவள் பக்கம் ஒரு முழம் இழுத்தாள்.
நான் இழுத்தேன். பைப் வெடித்தது.
இரண்டு பேர் லீக்ஸும் காய்ந்தது.
நியாயம் என் பக்கம். இன்னமும் சொல்வேன்.

அவளுக்குக் குரல் உண்டு. அதுதான் எரிச்சல்.
மாதா கோயில் மெட்டில் பன்றியை வைவாள்:
'சேற்றில் பிறந்தவனே, சீக்கிரம் எழுந்து போ,
உன் வீட்டுக் கதவு காட்டில் திறந்திருக்கு.'
கேட்டால் பன்றிக்கே ஒரு நிமிசம்
முழங்கால் போடத் தோன்றும்.

நான் மூச்சு வாங்கினால் அவள் தொடங்குவாள்,
அவள் இருமினால் நான்.
இதைப் பேச்சு என்று யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி
கானுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
லாம்பு வெளிச்சமும் இல்லை.
முதலில் நினைத்தது இதுதான், மறைக்கவில்லை:
நல்லது, இன்றைக்குப் பன்றி அங்கே போகும்.

போனது.
மூக்கால் மண் கிண்டும் சத்தம்,
ஈரச் சாக்கைக் கிழிப்பது போல.
பிறகு கிழங்கு கடிபடும் சத்தம்.
என் கிழங்கா அவள் கிழங்கா என்று
அந்தச் சத்தத்தில் தெரியவில்லை.

என் பாட்டைப் பாடினேன். காது கொடுக்கவில்லை.
அந்தப் பாத்திக்கு வருகிற பன்றி
அந்தப் பாட்டுக்குத்தான் பயப்படும் போல.
எழுந்து நின்று, படங்கை முக்காடு போட்டு,
சவரியம்மாவின் பாட்டைப் பிடித்தேன்.
மெட்டு ஏறுகிற இடத்தில் குரல் வழுக்கியது,
மழை விட்ட பிறகு வரப்பில் கால் வழுக்குமே, அப்படி.
விடாமல் பாடிக்கொண்டே கானைத் தாண்டினேன்.
விடியும் வரை
இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கெட்ட குரல்.

அப்படியும் நாலு பாத்தி போய்விட்டது.

ஐந்தாம் நாள் நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து
வயிற்றில் தையலோடு வந்தாள்.
பீலிக்கரையில் மகன் குடம் பிடிக்க
அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.
யார் போய்ச் சொன்னார்களோ.
'ரெண்டாவது அடியில
கதவுன்னு வரணும்.
நீ கடவுள்னு பாடினியாம்.'

அவ்வளவுதான். ஏழு மாதத்துக்கு அது போதாது.
'தூக்கக் கலக்கம்' என்றேன், மகனைப் பார்த்து.
பைப் இன்னும் அவள் பக்கம்தான், ஒரு முழம்.

அன்று இரவு கானுக்கு அந்தப் பக்கம்
தையல் இழுக்க இழுக்க
மெதுவாக வந்தது குரல்.
இரண்டாம் அடி மட்டும், மூன்று தரம்,
எனக்குக் கேட்கும்படி,
கதவில் அழுத்தி.

நான் விதைக்கிழங்கு விலையிலிருந்து தொடங்கினேன்.