தொடாத இடி

"எங்கட வளவிலை விழேல்லை பிள்ளை,
அங்காலை, பெனடிக்ற் மாஸ்ரற்றை தென்னையிலை"
என்கிறார் குருநகர் எமிலியானுஸ்.
கையில் பொலித்தீன் பை. உள்ளே றவுட்டர்,
கமெராப் பெட்டி, தண்ணி மோட்டரின் பலகை.
இன்றைக்கு இவர் பதினோராவது ஆள்.
எல்லோரும் இதே வசனத்தோடுதான் வருகிறார்கள்,
விழாத இடிக்கு நான் பொறுப்பு என்பதுபோல.

கொக்குவில் சந்தி தாண்டி, பல்வைத்தியரின் மாடிக்குக் கீழே
என் கடை. ஐப்பசி பிறந்தால்
பூதக்கண்ணாடியைக் கழற்ற நேரமில்லை.
சில்லின் கறுத்த முதுகில் ஊசிமுனையளவு கொப்பளம்,
அவ்வளவுதான் தடயம்.
பல நேரம் அதுவும் இல்லை.
காயமில்லாத பிணத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

தென்னை எரிந்தது ஒரு கணம்.
அந்தக் கணத்தில்
மின்னும் காந்தமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓட,
வழியில் கிடந்த வயரெல்லாம் அன்ரனா.
மதிலோரம் இழுத்த கமெரா வயர் நாற்பது மீற்றர்.
நீளமான வயருக்குக் காது கூர்மை.
மூன்று வோல்ட் குடித்துப் பழகிய சில்லின் வாயில்
முந்நூறை ஊற்றியிருக்கிறது.
எமிலியானுஸுக்கு விளங்கப்படுத்தினேன்.
"அப்ப வயரைக் கட்டையாப் போட்டிருக்கலாம்" என்றார்.
சரிதான்.

இதைவிடப் பெரியது உண்டு என்று
மின்சார சபைக் குணநாயகம் சொன்னான்,
காசு தராமல் அயன்பொக்ஸ் திருத்த வந்த அன்று.
காற்று முடிகிற உயரத்தில் யாரோ
ஓர் அணுகுண்டை வெடித்தால்
கீழே சத்தமே கேளாது.
முதல் அடி, இமை மூடுமுன், சில்லுகளுக்கு.
கடைசி அடி ஆறுதலாக வரும்,
பூமியின் காந்தத்தைப் பிடித்து நிமிடக்கணக்கில் உலுப்பும்.
அதற்கு வேண்டியது நீளமான கம்பி.
வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் என்று
கோபுரம் கோபுரமாக வருகிறதே, அந்தக் கம்பி.
ட்ரான்ஸ்போமர் உறுமும். எண்ணெய் கொதிக்கும்.
"பிறகு?"
"பிறகென்ன, புதுசுக்கு ஓடர் குடுத்திட்டுக்
கப்பலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்.
ஒரு வருசம். ரெண்டு."
சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும்.
வேறு ஊர்க்காரர் இந்த இடத்தில் பயப்படுவார்கள்.
நாங்கள் வருடக்கணக்கில் கறண்ட் இல்லாமல் இருந்தவர்கள்,
அதற்கு வானத்திலிருந்து ஒரு துடிப்பும் தேவைப்படவில்லை.

அன்றைக்குச் சில்லு என்றால் சைக்கிள் சில்லு.
கவிழ்த்துவைத்துச் சுற்றினால் டைனமோ பாடும்,
வானொலி செய்தி வாசிக்கும்,
சுற்றுகிறவன் களைத்தால் வாசிக்கிறவரும் களைப்பார்.
அந்தச் சில்லை எந்தத் துடிப்பு என்ன செய்யும்?
இன்றைக்கு ஆஸ்பத்திரியில்
குறைமாதப் பிள்ளை படுத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள்
எத்தனை சில்லு என்று எண்ணத் தொடங்கினேன்.
எண்ணி முடிக்கவில்லை. சிரிப்பும் வரவில்லை.

குணநாயகம் போனபிறகு ஒரு பிஸ்கட் ரின்னைத் துடைத்து
போனை உள்ளே வைத்து மூடி
கடைப் போனிலிருந்து அழைத்தேன்.
ரின்னுக்குள் மணி அடித்தது.
மூடியோரத்தில் மயிரிழை இடைவெளி; அது போதும் அதற்கு.
தகரத்தாளால் சுற்றி, விளிம்பை நகத்தால் அழுத்தி,
திரும்ப அழைத்தேன்.
முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்,
தொடர்புகொள்ள முடியவில்லை என்றாள் ஒருத்தி.
அந்தக் குரல் கேட்டு நான் சந்தோஷப்பட்டது
அதுதான் முதல்தரம்.

எமிலியானுஸ் ரின்னைத் தட்டிப் பார்க்கிறார்.
"போன் தப்பும். சரி. ரவர் செத்தா ஆருக்கு எடுக்கிறது?"
கேள்வி நியாயம்.
போனை எடுத்துவிட்டு
மல்ரிமீற்றரை உள்ளே வைக்கிறேன்.
எல்லாம் முடிந்த அடுத்தநாள் காலையும்
பொலித்தீன் பைகளோடு வரிசை நிற்கும்.
எது செத்தது, எது மயக்கம் என்று
ஒருத்தி தொட்டுச் சொல்லவேண்டுமே.

தெற்கே உறுமுகிறது.
பேச்சை நிறுத்திவிட்டு இருவரும் குனிகிறோம்,
ஆளுக்கொரு பக்கம், பிளக்குகளைப் பிடுங்க.